தூங்கத் தெரிந்தவர்களுக்கே வேலை

முன்னொரு காலத்தில், வாசல் வழியாக நுழைந்த மேகம் சாளரம் வழியாக வெளியேறிப் போகும் அளவுக்கு உயரமான ஒரு மலைநாட்டைச் சேந்தமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்குப் போரும் பிடிக்காது, வேட்டையும் பிடிக்காது, தூக்கம்தான் பிடிக்கும். நல்ல கனவு கண்டு எழுந்தால் அன்றைக்கு நாட்டில் வரி குறையும். கெட்ட கனவு கண்டால் சபையில் யாருக்காவது பதவி போகும். அதனால் குடிமக்கள் எல்லோரும் ராஜா நன்றாகத் தூங்க வேண்டும் என்றுதான் சாமி கும்பிட்டார்கள்.

அரசனுக்கு மெத்தை தைத்துக் கொடுத்தவள் பவளாயி. கடைவீதியில் சின்னதாக ஒரு இலவம்பஞ்சு மெத்தைக்கடை வைத்திருந்தாள். ஆட்களும் கொஞ்சம் பேர்தான். அரசன் தினமும் காலையில் சோம்பல் முறித்தபடி, "பவளாயி மெத்தையில் படுத்தால் மேகத்தில் மிதக்கிற மாதிரி இருக்கிறது" என்பான். அதைக் கேட்கக் கேட்க அரண்மனை மேற்பார்வையாளர் அம்பலநம்பிக்கு வயிறு எரியும். ராப்பகலாக உழைக்கிற தன்னை ராஜா ஒரு நாளாவது இப்படிப் புகழ்ந்ததுண்டா?

ஒருநாள் நடுப்பகலில் அவர் மெத்தைக்கடைக்குள் எட்டிப் பார்த்தார். வெயில் கீற்றில் பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. கீழே, தைத்து முடித்த மெத்தைகளின் மேல் ஆட்கள் அத்தனை பேரும் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்! நம்பிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! நேரே சபைக்கு ஓடினார். பவளாயியை இழுத்து வந்து நிறுத்தினார்கள்.

"உன் ஆட்கள் வேலை நேரத்தில் தூங்குகிறார்களாமே?" என்றான் அரசன்.

"ஆமா மகாராசா. அதுவும் வேலைதான். தைச்சவங்க படுத்துப் பார்க்காத மெத்தையை நான் வெளியே அனுப்புறதில்லை."

"தூக்கம் வேலையா? அப்படியானால் இந்த நாட்டில் என்னைப் போல உழைப்பவன் யாருமில்லை!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. நம்பி மட்டும் சிரிக்கவில்லை. "அரசே, கடையை என்னிடம் விடுங்கள். கண் இமைக்காத ஆட்களை வைத்து இதைவிட நல்ல மெத்தை தைத்துக் காட்டுகிறேன்" என்றார்.

"சரி. உம் மெத்தை நன்றாக இருந்தால் கடை உமக்கு. இல்லாவிட்டால் உமக்கு இந்த நாட்டில் இடமில்லை."

பவளாயி கடைச் சாவியை நம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். கடை போனால் அவளுக்கும் பிழைப்பில்லை, அவளை நம்பி வந்தவர்களுக்கும் பிழைப்பில்லை. ஆனாலும் மறுநாள் மதியம் வழக்கம்போல எல்லோருக்கும் தன் வீட்டில் இலை போட்டாள்.

"வேலையே இல்லை, எங்களுக்கு எதுக்கம்மா சோறு?" என்றாள் பஞ்சு அடிக்கிற மாரக்கா.

"கடைதானே போச்சு, நீங்க போகலையே. உக்காருங்க."

அங்கே கடையில் நம்பி ஆள் எடுத்தார். வந்தவர்களிடம் ஒரே கேள்விதான்: "நீ எவ்வளவு நேரம் தூங்குவாய்?" உண்மையைச் சொன்னவர்களைத் துரத்திவிட்டார். "தூக்கமா? அப்படி என்றால் என்னங்க?" என்று புளுகியவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்தது. பிறகு கையில் பிரம்போடு அவர்கள் பக்கத்திலேயே நின்றார்.

மெத்தை அரண்மனைக்கு வந்தது. அரசன் படுத்தான், புரண்டான், எழுந்து உட்கார்ந்தான். கனவு பக்கத்திலேயே வரவில்லை. காலையில் கண் சிவக்கச் சபைக்கு வந்து, "இதைத் தைத்தது யார்?" என்று கத்தினான்.

நம்பி ஆட்களைக் காட்டினார். ஆட்கள் ஒருவரை ஒருவர் காட்டினார்கள். "எல்லோருக்கும் கசையடி!" என்றான் அரசன்.

கூட்டத்திலிருந்து பவளாயி முன்னால் வந்தாள். "கொஞ்சம் பொறுங்க மகாராசா. முதல்ல அந்த மெத்தையை இங்கே கொண்டுவரச் சொல்லி, அவங்களை அதுல படுக்கச் சொல்லுங்க."

படுத்தார்கள். பக்கத்தில் நம்பி முறைத்துக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கு?" என்றாள் பவளாயி.

"ஆகா, அமிர்தம்!" என்றார்கள் நெளிந்துகொண்டே.

"எங்க கடையில ஒரு வழக்கம் உண்டு. படுத்துப் பார்த்துக் குறை சொல்றவங்களுக்கு அடி கிடையாது, அன்னிக்குப் பாயசம். மகாராசா சம்மதிச்சா இங்கேயும் அப்படியே செய்யலாம்."

அரசன் தலையாட்டினான். ஒருவன் மெல்ல வாய் திறந்தான். "முதுகுல விதை குத்துதுங்க."

"ஒரு பக்கம் பஞ்சே இல்லீங்க!"

"இங்கே ஒரு ஊசியே கிடக்குதுங்க!"

"அடப்பாவிகளா, தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?" என்றான் அரசன்.

"சொன்னவனை இந்த ஐயா அன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கிட்டாருங்க."

அரசன் வாளை உருவி மெத்தையைக் கிழித்தான். பஞ்சு எழுந்து சபை முழுவதும் மிதந்தது. விளக்குகள் மங்கின, பேச்சு அடங்கியது, வாயிற்காவலன் நின்றபடியே கொட்டாவி விட்டான். அந்த வெள்ளை மூட்டத்துக்குள்ளிருந்து அரசனின் குரல் வந்தது. "கடை பவளாயிக்கே. நம்பி, நீர் நாட்டைவிட்டுப் போம்!"

"மகாராசா, எனக்கு ஒரு ஆள் தேவைப்படுது" என்றாள் பவளாயி. நம்பியிடம் திரும்பினாள். ஆள் எடுக்கும்போது அவள் கேட்கிற ஒரே கேள்வியைக் கேட்டாள். "ஐயா, நீங்க கடைசியா எப்போ நல்லாத் தூங்கினீங்க?"

"இந்தப் பதவிக்கு வந்த பிறகு இல்லை அம்மா. கண்ணை மூடினால் என் இடத்தில் வேறு ஒருவன் உட்கார்ந்துவிடுவானோ என்று பயம்" என்றார் நம்பி.

"நாளைக்கு வந்துடுங்க" என்றாள். அரசனும் சரியென்று கொட்டாவி விட்டான்.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் படுத்தார்கள். நம்பியும் ஒரு ஓரமாகப் படுத்தார். வாசல் வழியாக வந்த மேகம் அவர் மேல் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனது. சாயங்காலம்தான் விழித்தார். அந்த மெத்தைக்குப் பஞ்சு அடித்த மாரக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவர் தயங்கித் தயங்கி, "இங்கே, இடது தோளுக்கடியில் ஏதோ உறுத்துகிறது" என்றார்.

மாரக்கா முகம் மலர்ந்தாள். பவளாயி உள்ளே போய்ப் பாயசம் கொண்டுவந்தாள். நம்பி அதை வாங்கி, கண் கலங்க ஒரு சொட்டு விடாமல் குடித்தார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல், மறுபடியும் படுத்துக்கொண்டார்.