அண்ணன் வண்டிச் சத்தம்

"இதுவும் சரியில்லை அம்மணி. கழட்டு."

வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே நல்லசிவம் சொல்லிவிட்டார். ஹெல்மெட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

போத்தனூரில் ரயில்வே லைனை ஒட்டி ரோஸ்லினின் ஒர்க்‌ஷாப். இத்தாலி பைக்குகளுக்குத் தோதான சைலன்சர் பார்த்து மாட்டித் தருவதில் கோயமுத்தூரிலேயே அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வயது முப்பத்திரண்டுதான். நல்லசிவத்தைப் போல ஐம்பதை நெருங்கிய பம்ப்செட் கம்பெனி முதலாளிகள் எல்லாம் அவள் முன்னால் கைகட்டி நின்று யோசனை கேட்பார்கள். குரு என்று மட்டும் யாரும் கூப்பிட்டுவிடக் கூடாது. கையில் இருக்கும் ஸ்பேனர் பறந்து வரும்.

"இது மூணாவதுங்ணா," என்றாள் ரோஸ்லின். "கார்பன் மாட்டுனோம். வெத்துச் சத்தம்னீங்க. டைட்டானியம் மாட்டுனோம். கீச்சுன்னு கத்துதுன்னீங்க. இதுக்கு என்ன குறை?"

"அண்ணனோடது மாதிரி இல்லை."

முதல் நாளிலிருந்து அது ஒன்றுதான் குறை.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவரில்லை. பெரியப்பா மகன் தேவசிகாமணி. இருவரும் ஒரே வாரத்தில் ஒரே மாடல் சிவப்பு வண்டி எடுத்தவர்கள். ஞாயிறு விடிந்தால் சேர்ந்து வால்பாறை மலை ஏறுவார்கள். குடும்ப வழக்கப்படி மூத்தவர் முன்னால், இளையவர் பின்னால். பந்தியில் உட்காருவதும் அப்படித்தான், நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறுவதும் அப்படித்தான்.

ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் வண்டி திரும்பி ஏறும்போது ஒரு சத்தம் வரும். ஆழமான சத்தம். அவசரமே இல்லாத சத்தம். மூன்று வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு நல்லசிவத்துக்குச் சோறு இறங்குவதில்லை. பங்காளிக் காய்ச்சல் என்று ஊரில் இதற்குப் பெயர் இருக்கிறது. மாத்திரைதான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

"அவர் வண்டில இருக்கறதையே மாட்டுன்னுதான கடைசியாச் சொன்னேன்?"

"அதேதாங்ணா இது. ஒரே பெட்டில வந்த ரெண்டுல ஒண்ணு."

"பொய். அவருக்கு மட்டும் தனியா என்னமோ செஞ்சு குடுத்திருக்க."

"ஒண்ணும் செய்யலீங்ணா."

"அப்ப உள்ள சத்தத்த அடக்கற பேஃபிளை உருவிடு. சத்தம் ஏறுமில்ல?"

"ஏறும். தெருவே காதைப் பொத்தும். போலீஸ்காரர் வந்து நிப்பாரு. அப்பவும் உங்களுக்கு அண்ணனோடது மாதிரி கேக்காது."

நல்லசிவம் கொஞ்ச நேரம் டேங்கைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு எனக்கு ஒரு முடிவு தெரியணும் அம்மணி. இல்லைன்னா வண்டிய வித்துடறேன். ஞாயித்துக்கிழமை சவாரியும் வேண்டாம், அவர் மூஞ்சில முழிக்கவும் வேண்டாம்."

"இதுக்கா?"

"போன வாரம் ஒரு வளைவுல..." குரல் இறங்கியது. "இவரு வழுக்கி விழுந்தா இந்தச் சத்தம் நின்னுடும்னு நெனச்சேன். அந்த நெனப்பு வந்துடுச்சு அம்மணி. எனக்குக் கெணத்துல நீச்சல் சொல்லிக் குடுத்தவரு அவரு."

ஹெல்மெட்டைக் கழற்றுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரோஸ்லின் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க. உள்ள போயி உக்காந்து டீ குடிங்க."

உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்ததில் வெளியே நடப்பது எதுவும் காதில் விழவில்லை. டீயில் ஆடை கட்டியது. கடைசியில் காற்று நிரம்பி கம்ப்ரஸர் தானாக நின்றது.

அப்போது ரயில் பாலத்துப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது.

ஆழமாக. அவசரமே இல்லாமல்.

நல்லசிவத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. இங்கேயும் வந்துவிட்டாரா! டம்ளரை வைத்த வேகத்தில் டீ சிந்தியது. இன்றைக்கு மூத்தவர் என்றெல்லாம் பார்க்கக் கூடாது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வெளியே ஓடினார்.

சிவப்பு வண்டி அவரைக் கடந்து போனது. தெருமுனையில் திரும்பியது. மறுபடி வந்து அவர் முன்னால் நின்றது.

ரோஸ்லின் இறங்கினாள்.

நல்லசிவம் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். அவர் வண்டியேதான்.

"என்ன மாத்துன அம்மணி?"

"ஓட்டற ஆளத்தாங்ணா."

"வேற?"

"ஒரு நட்டுகூடத் தொடல."

"நான் ஓட்டறப்ப இந்தச் சத்தம் எங்க போகுது?"

ரோஸ்லின் சைலன்சரின் வாயைச் சுட்டிக் காட்டினாள். பிறகு அது பார்த்திருந்த பக்கம் கையை நீட்டினாள். வண்டிக்குப் பின்னால் தெரு காலியாகக் கிடந்தது.

நல்லசிவம் அந்தக் காலித் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"அப்ப அண்ணன்?" என்றார் மெதுவாக.

"அவரு எப்பவும் முன்னாலதான போறாரு?"

ரோஸ்லின் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

நல்லசிவம் போனை எடுத்தார். மறுமுனையில் தேவசிகாமணி எடுத்ததும், முகமன்கூடச் சொல்லவில்லை.

"அண்ணா, வர்ற ஞாயித்துக்கிழமை வண்டிய மாத்திக்கலாம். உங்க வண்டில நான் முன்னால போறேன். என் வண்டில நீங்க பின்னால வாங்க."

"அதென்னடா புதுப் பழக்கம்? எதுக்கு?"

"மூணு வருஷமா உங்க வண்டிச் சத்தத்த நான் ஒருத்தனே கேட்டுட்டேனுங்ணா."