வடையில எவ்வளவு காத்து?

ரேஸ் டீம் முதலாளி தண்டாயுதம் நடந்து வந்தா, அவரு கழுத்துல தொங்குற கேஜ்தான் முதல்ல வரும். டயர்ல காத்து பார்க்குற மீட்டருங்க. வெளிநாட்டுச் சரக்கு, தோசைக்கல்லு சைஸு!

அன்னைக்கு ரேஸ் தொடங்கப் போற நேரம். காத்து அடிக்கிற இசக்கியோட பழைய கேஜ் இருபத்தெட்டுன்னுது. அதே டயருக்கு முதலாளியோட கேஜ் முப்பத்திரண்டுன்னுது. டிரைவர் ரியாஸ் வடையும் கையுமா முழிச்சான்.

முதலாளி கத்தினாரு. "டேய் இசக்கி! ரெண்டு கேஜும் இருபத்தெட்டு காட்டணும். இல்ல, இப்பவே வீட்டுக்குக் கெளம்பு!"

இசக்கி தலையைச் சொறிஞ்சான். முதலாளி கேஜைக் கேட்டு வாங்கி, ரியாஸோட வடை ஓட்டையில வச்சு அழுத்தினான்.

முள்ளு நாலுல நின்னுச்சு.

தன்னோட கேஜை வச்சான். சைபர்.

"வடையில ஏதுடா நாலு?"

"எனக்கும் அதான் கொழப்பம் ஐயா. ஆனா வடையோட நாலைக் கழிச்சுட்டா, ரெண்டு கேஜும் இருபத்தெட்டுதான்."

முதலாளி கேஜைப் பிடுங்கி வெறுமனே தூக்கிப் பிடிச்சாரு. அப்பவும் நாலு.

ரியாஸ் மெதுவா இழுத்தான். "அப்போ போன ரேஸ்ல உங்க கேஜைப் பார்த்து அடிச்ச என் டயர்ல காத்து கம்மி... எனக்கு வண்டியை வளைக்கவே தெரியலன்னு திட்டினீங்களே சார்?"

முதலாளி கேஜைப் பைக்குள்ள திணிச்சாரு. "இசக்கி, உன்னுதுலயே பாருப்பா."

இப்பவும் அந்த டீமுல எந்த கேஜும் வடைகிட்ட சைபர் வாங்கிட்டுத்தான் டயர்கிட்ட வரும். வடை முதலாளி செலவு.