முதல் துளிக்கு முன்பே தயாரான வாழ்த்து

ஆற்றங்கரைக் காட்டில் கம்பளன் என்றொரு கரடி தேன்கடை வைத்திருந்தது. மலைப்பாறையில் எடுத்த சுத்தமான தேன். கலப்படம் கிடையாது. ஆனாலும் கடையில் ஈதான் மொய்த்தது.

காரணம், எதிர்க்கரையில் இருந்த பழக்கடை. அதை நடத்தியது மினுக்கன் என்ற மரநாய். காட்டில் ஏதாவது ஒரு திருநாள் வந்தால் போதும், மினுக்கனின் கிளிகள் மரம் மரமாகப் பறக்கும். "வாழ்த்துகள்! வாழ்த்துகள்! மினுக்கன் கடைக்கு வாங்க!" என்று கத்தும். வாழ்த்தைக் கேட்டவர்கள் அப்படியே ஆற்றைத் தாண்டிப் பழம் வாங்கப் போய்விடுவார்கள்.

கம்பளன் யோசித்தது. "தேன் நல்லா இருந்தா மட்டும் போதாது போலிருக்கு. நாமும் வாழ்த்தணும்!"

அதுவும் சில கிளிகளைச் சேர்த்துக்கொண்டது. கிளிகளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொடுக்க ஒரு கரிச்சான் குருவியை வேலைக்கு வைத்தது. அந்தக் கரிச்சான் யார் குரலில் வேண்டுமானாலும் பேசும். அதன் அப்பாவும் அம்மாவும் காட்டெருமை முதுகில் உட்கார்ந்து, பூச்சி பிடித்தே காலம் தள்ளியவர்கள். அந்தக் கூட்டிலிருந்து குரல் வித்தை கற்று, கடை வேலைக்கு வந்த முதல் பறவை இதுதான். அதனால் அதற்கு எப்போதும் ஒரு பயம். ஒரு சொல் தவறினாலும் வேலை போய்விடுமோ? மறுபடியும் எருமை முதுகுதானோ?

"அண்ணாச்சி, இந்த வாழ்த்து சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு, தம்பி."

"இன்னொரு தடவை சொல்லிக் காட்டட்டுமா?"

"வேண்டாம்! நீ திரும்பத் திரும்பச் சொல்றதைக் கேட்டு, தேனே புளிச்சிரும் போலிருக்கு!"

நாவல்பழத் திருநாள் நெருங்கியது. புதிதாக என்ன செய்யலாம் என்று கரிச்சான் காடெல்லாம் அலைந்தது. ஆற்று மேட்டில் கீரிக்குட்டிகள் விளையாடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் சின்ன குட்டி கீச்சுக்குரலில், "அம்மா, அம்மா!" என்று தாயைக் கூப்பிட்டது. கரிச்சான் அந்தக் குரலை அப்படியே பிடித்துக்கொண்டது. கிளிகளுக்கும் சொல்லிக்கொடுத்தது.

திருநாள் காலையில் காடு முழுக்க அந்தக் குட்டிக்குரல் கேட்டது. "அம்மா, அம்மா! இன்னிக்குத் திருநாள்மா! கம்பளன் மாமா கடையில தேன் வாங்கித் தாம்மா!"

தாய்மார்களுக்கு ஒரே சிரிப்பு. "ஐயோ, என் சின்னவன் பேசற மாதிரியே இருக்கே!" என்று தாய்க்கீரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்று கம்பளன் கடையில் கூட்டம் அலைமோதியது.

ஆனால் கம்பளனுக்கு ஒரு குறை. சில மரங்களில் மினுக்கனின் கிளிகள் முந்திக்கொண்டன.

"தம்பி, அடுத்து வர்றது முதல் மழைத் திருநாள். காட்டிலேயே பெரிய திருநாள். இந்தத் தடவை நாமதான் முந்தணும்!"

கோடை முடிந்து முதல் துளி விழுந்ததும், எல்லா விலங்குகளும் வெளியே வந்து நனைந்து ஆடும். அதுதான் முதல் மழைத் திருநாள்.

"இப்பவே வாழ்த்தைத் தயார் பண்ணிடு. முதல் துளி விழுந்ததும் கிளிங்க பறக்கணும். யாரையும் கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது!"

கரிச்சான் தயங்கியது. "மழை எப்படி வருதுன்னு பார்த்துட்டு அனுப்பலாமே, அண்ணாச்சி?"

"மழை எப்படி வரும்? மேலேயிருந்து கீழேதான் வரும்! போய்ச் சொல்லிக் கொடு!"

கரிச்சானுக்கு இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் போல் இருந்தது. எருமை முதுகு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டது.

எல்லோருக்கும் பிடித்த அதே குட்டிக்குரலில் வாழ்த்தைத் தயார் செய்தது. "அம்மா, அம்மா! மழை வந்தாச்சும்மா! ஓடி வாம்மா! கம்பளன் மாமா கடைக்குப் போகலாம்மா!" கிளிகள் பாடம் செய்துகொண்டன. "முதல் துளி விழுந்ததும் கிளம்புங்க. எதுக்கும் நிக்காதீங்க!" என்று கரிச்சான் சொல்லி வைத்தது.

ஒரு பிற்பகலில் முதல் துளி விழுந்தது. கிளிகள் ஜிவ்வென்று கிளம்பின.

துளிக்குப் பின்னால் சூறைக்காற்று வந்தது. மரங்கள் முறிந்தன. மலையில் பெய்த மழையெல்லாம் ஒன்றாகத் திரண்டு ஆற்றில் இறங்கியது. கரை உடைந்தது. கீரியின் வளைக்குள் வெள்ளம் புகுந்தது. இரை தேடப் போயிருந்த தாய்க்கீரி ஓடி வந்து பார்த்தது. வளை இருந்த இடத்தில் செம்மண் நீர் சுழன்றது. குட்டிகளைக் காணோம்!

"சின்னவனே! எங்கேடா இருக்கே?" என்று அது அலறியது.

அப்போது வெள்ளத்தின் நடுவில், சாய்ந்து கிடந்த மூங்கிலில் இருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா, அம்மா! மழை வந்தாச்சும்மா! ஓடி வாம்மா!"

"வந்துட்டேன்டா, கண்ணு!" தாய்க்கீரி தண்ணீரில் பாய்ந்தது.

சூறைக்காற்றைக் கண்டதும் கிளிகளைத் தடுக்க மரம் மரமாகப் பறந்துகொண்டிருந்த கரிச்சான் இதைப் பார்த்தது. மூங்கில் இலைகளுக்குள் இருந்த கிளியிடம் விரைந்தது.

"நிறுத்து! வாயை மூடு!"

"நீதானே எதுக்கும் நிக்கக் கூடாதுன்னே!" என்றது கிளி. மறுபடியும், "ஓடி வாம்மா!" என்றது.

கரிச்சான் தாய்க்கீரியின் தலைக்கு மேல் தாழப் பறந்தது. வித்தையெல்லாம் மறந்துபோனது. தன் சொந்தக் கரகரத்த குரலில் கத்தியது.

"கீரியக்கா! போகாதீங்க! அது உங்க பிள்ளை இல்லை! கிளி பேசுது! கடைக்காக நான் சொல்லிக்கொடுத்தது! நான்தான்க்கா செஞ்சேன்!"

தாய்க்கீரி திரும்பிப் பார்த்தது. தண்ணீர் அதைப் புரட்டியது. எப்படியோ ஒரு வேரைக் கவ்விக் கரையேறியது. அப்போது மேட்டில் குடியிருந்த முள்ளம்பன்றியின் குரல் கேட்டது. "இங்கே வா, கீரி! உன் பிள்ளைங்க எல்லாம் என் வளையிலதான் இருக்கு! கரை உடையறதுக்கு முன்னாடியே இழுத்துட்டு வந்துட்டேன்!"

மறுநாள் காடே இதைப் பற்றிப் பேசியது. தேன்கடைப் பக்கம் யாரும் வரவில்லை. கம்பளன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது.

"தம்பி, உருக்கமா ஒரு மன்னிப்புத் தயார் பண்ணு. கிளிங்ககிட்ட கொடுத்தனுப்பு. மினுக்கன் சிரிக்கிறதுக்குள்ள நாம முந்திக்கணும்!"

கரிச்சானுக்கு மறுபடியும் எருமை முதுகு நினைவுக்கு வந்தது. ஆனாலும் இந்த முறை அது வாயை மூடிக்கொள்ளவில்லை.

"முடியாது, அண்ணாச்சி. மன்னிப்பை நான்தான் போய்க் கேட்கணும். அதுக்காக வேலை போனாலும் பரவாயில்லை."

கம்பளன் உறுமியது. ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

தாய்க்கீரி புதிய வளை தோண்டிக்கொண்டிருந்தது. கரிச்சானைப் பார்த்ததும் மயிர் சிலிர்த்தது.

"இன்னிக்கு யார் குரலை எடுத்துட்டு வந்தே?"

"என் குரல்தான்க்கா. தப்புப் பண்ணிட்டேன். உங்க பிள்ளை குரலை உங்ககிட்ட கேக்காமலே எடுத்தேன். மழை எப்படி இருக்குன்னு பார்க்காமலே வாழ்த்தை அனுப்பினேன்."

"என்னைத் தண்ணிக்குள்ள கூப்பிட்டதும் நீ. வெளியே கூப்பிட்டதும் நீ. உன்னை நான் திட்டவா, கும்பிடவா? போ. இப்போ என்னால எதுவும் சொல்ல முடியாது."

கரிச்சான் தலைகுனிந்து திரும்பியது.

மாதங்கள் போயின. பனி விலகும் திருநாள் வந்தது. மினுக்கனின் கிளிகள் விடியும் முன்பே பறந்துவிட்டன. கம்பளனின் கரிச்சான் வெயில் ஏறிய பிறகுதான் தனியாகக் கிளம்பியது. ஒவ்வொரு கூட்டிலும் வளையிலும் நின்று, முகம் பார்த்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தது. திரும்பும்போது நண்பகல் ஆகிவிட்டது.

"கீரிகிட்ட என்ன வாழ்த்துச் சொன்னே?" என்று கம்பளன் கேட்டது.

"ஒண்ணும் சொல்லலை, அண்ணாச்சி. சின்னவனுக்குக் காய்ச்சல், இருமல். அக்கா தூங்காம கண்ணு சிவந்து கிடக்கு. என்னன்னு விசாரிச்சேன். வந்துட்டேன்."

கம்பளன் எதிர்க்கரைக் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு ஒரு தேக்கிலையைத் தொன்னையாக மடித்து, பாறைத்தேனை ஊற்றி, கரிச்சானிடம் நீட்டியது.

"இதைக் கொண்டுபோய்க் கொடு."

"கடை பேரைச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், தம்பி. இருமலுக்கு நல்லதுன்னு மட்டும் சொல்லு."

வாழ்த்துச் சொல்ல வாய் திறக்கும் முன், கேட்பவரின் முகத்தைக் கண் பார்த்திருக்க வேண்டும்.