களஞ்சியத்துக் குந்தாணி

மேகங்கள் சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது, கேளுங்கள். அந்தக் காலத்தில் நெல்லங்காடு என்றொரு நாடு. அதற்கு இளமாறன் என்றொரு ராஜா. பெயரில்தான் இளமை. தலை முழுக்க நரை, முழங்கால் இரண்டிலும் வலி. நரையை அவுரிச் சாயம் பூசி மறைத்துவிட்டார். முழங்காலுக்கு என்ன பூசுவது? உட்கார்ந்தால் எழும்போது முனகல் வருமே, ஜனங்கள் கேட்டுவிடுவார்களே என்று, நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவர் நின்றுகொண்டே இருப்பார்.

அந்த ராஜாவின் நெற்களஞ்சியத்தைக் காத்தவள் உமையாள். தனிக்கட்டை. ஆள் ஒல்லி, வாய் பெரிது. அவளுக்குத் துணை ஒரு பூனை. சின்ன வயதில் நெல் குத்தும் உரல் போல உருண்டு திரண்டு இருந்ததால் அதற்குக் குந்தாணி என்று பெயர் வைத்திருந்தாள். அந்த நாளில் மூட்டைக்குப் பின்னால் ஓர் எலி மூச்சு விட்டால் போதும், குந்தாணி பாய்ந்துவிடும்.

இப்போது குந்தாணிக்கு வயதாகிவிட்டது. பல் கொட்டிவிட்டது, காது அடைத்துவிட்டது, கண்ணில் மூட்டம் போட்டுவிட்டது. உமையாள் மீனை வேகவைத்து, முள் பார்த்து, கஞ்சியில் பிசைந்து விரலால் ஊட்டுவாள். பாதி தின்னும், பாதியை அவள் சேலையில் துப்பும். தாவ முடியாது என்று மூட்டைகளைப் படிப்படியாக அடுக்கி வைத்தாள். ஈரத்துணியால் கண் துடைத்து, மரச்சீப்பால் சிக்கெடுத்தாள். அப்படியும் அது சீறும். "சீறு, சீறு. இந்த வயதில் உனக்கு வேறென்ன வேலை?" என்பாள்.

ஒரு நாள் சபையில் படியேறும்போது, அண்டை நாட்டுத் தூதன் ராஜாவைத் தாங்கிப் பிடிக்கக் கை நீட்டிவிட்டான். ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தம் உறுதியைக் காட்ட அங்கேயே ஒரு கட்டளை போட்டார்: "வேலை செய்யாத உயிருக்கு அரண்மனையில் சோறில்லை. ஆற்றுக்கு அக்கரையில் காட்டில் விட்டுவிடுங்கள்!"

கட்டளையை நிறைவேற்றப் புறப்பட்டார் அதிகாரி பூவணர். கிழட்டுக் குதிரையைப் பார்த்தார், 'காடு' என்றார். கிழட்டு யானையைப் பார்த்தார், 'காடு' என்றார். பிறகு களஞ்சியத்துக்கு வந்தார்.

"இந்தப் பூனை எலி பிடிக்கிறதா?"

உமையாள் கஞ்சிக் கிண்ணத்தைச் சேலைக்குள் மறைத்தாள். வாயும் சும்மா இருக்கவில்லை. "பிடிப்பதற்கு எலி இருந்தால்தானே ஐயா? இதன் பேரைக் கேட்டே எல்லாம் ஊரைக் காலி செய்துவிட்டன."

அந்த நேரம் பார்த்து ஓர் எலி சாவகாசமாக வந்து, குந்தாணியின் வாலைத் தாண்டிப் போனது.

"அது என்ன?"

"அது வெளியூர் எலி ஐயா. விஷயம் தெரியாமல் வந்திருக்கிறது."

பூவணர் சந்தேகத்தோடு போனார். அவர் தலை மறைந்ததும் உமையாள் துடைப்பத்தை எடுத்தாள். உண்மையில் எலி பிடிப்பவள் அவள்தான். பொறி வைப்பாள், விரட்டுவாள், வளையில் மிளகாய்ப் புகை போடுவாள். நெல் ஒரு மணி குறையவில்லை. பேர் மட்டும் குந்தாணிக்கு.

பூவணர் மறுபடி வந்தார். குந்தாணி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"தூங்குகிறதே!"

"கண்ணை மூடிக்கொண்டு காதால் காவல் காக்கிறது ஐயா."

பூவணர் அதன் காதருகே போய்ப் படாரென்று கை தட்டினார். குந்தாணி அசையவில்லை. "பார்த்தீர்களா, என்ன நெஞ்சுரம்! கை தட்டினால் ஓடிப்போகிற காவல் நமக்கு எதற்கு?" என்றாள் உமையாள். அதற்குள் குந்தாணி விழித்து, பூவணர் கீழே வைத்திருந்த பட்டு உத்தரீயத்தின் மேல் ஏறி, நிதானமாக நனைத்துவிட்டு இறங்கியது.

பூவணர் நேரே ராஜாவிடம் போனார்.

மூன்றாவது முறை ராஜாவே வந்தார். உமையாள் விஷயம் கேட்டுத் தயாராக இருந்தாள். ஒரு செத்த எலியை நூலில் கட்டி, குந்தாணிக்கு அப்பால் மூட்டை மறைவில் வைத்து, நூலின் நுனியை இடுப்பில் செருகியிருந்தாள். ராஜா திரும்பும் சமயம் பார்த்து இழுத்தால், எலி குந்தாணியின் வாயருகே வந்து விழும். பார்ப்பவர்களுக்குப் பிடித்தது போலவே இருக்கும்.

ராஜா வந்து நின்றார். முக்காலி போட்டார்கள், உட்காரவில்லை. "எங்கே, பிடிக்கச் சொல் பார்ப்போம்."

குந்தாணி எழுந்தது. எலி இருந்த பக்கம் போகவில்லை. தள்ளாடித் தள்ளாடி ராஜாவிடம் போய், அவர் காலில் முன்னங்காலை வைத்து ஏறப் பார்த்தது. முடியவில்லை. மறுபடி பார்த்தது, முடியவில்லை. பிறகு நிமிர்ந்து, குழந்தை போல ஈனக் குரலில் அழுதது.

உமையாளுக்கு ராஜாவும் மறந்தார், நூலும் மறந்தது. "ஐயோ, இடுப்பைத் தாங்கித் தூக்கணும், அதால் முடியாது!" என்று ஓடினாள். அவள் ஓட, பின்னால் நூலில் எலியும் கூடவே ஓடியது.

பூவணர் "ஆகா!" என்றார். காவலர்கள் சிரிப்பை அடக்கினார்கள். உமையாளுக்கு இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. கையிலிருந்த பூனையைப் பார்த்தாள். எடையே இல்லை. பொய்யை விழுங்கிவிட்டாள்.

"அரசே, இதற்குப் பல் இல்லை. காது கேளாது. எலியை நான்தான் பிடிக்கிறேன். இதுவரை சொன்னதெல்லாம் பொய். என்னை வேலையை விட்டு நீக்குங்கள். இது ஓடியாடி உங்கள் நெல்லைக் காத்த பூனை, ஓய்ந்துவிட்டது. இதைக் காட்டில் விட எனக்கு மனசு வராது. விட்டால் நானும் கூடப் போவேன்."

ராஜா குந்தாணியின் நடுங்கும் பின்னங்கால்களையே பார்த்தார். பிறகு, அத்தனை பேர் முன்னால், மெல்ல முக்காலியில் உட்கார்ந்தார். முனகல் வந்தது. எல்லோருக்கும் கேட்டது.

"இப்படிக் கொடு" என்று மடியை விரித்தார். குந்தாணி இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்து, உடனே தூங்கிவிட்டது.

ராஜா குரலைத் தாழ்த்தினார். "உமையாள், இதன் கால் வலிக்கு என்ன செய்கிறாய்?"

"மணலை வெயிலில் காயவைத்து, துணியில் முடிந்து, ஒத்தடம் கொடுப்பேன் அரசே."

"எனக்கும் ஒன்று முடிந்து கொடு. கொஞ்சம் பெரிதாக."

அன்று சபை கூடவில்லை. பூனை எழுந்தால்தானே ராஜா எழுவார்!

கட்டளையை ராஜா அன்றே திரும்பப் பெற்றார். குதிரையும் யானையும் அக்கரையிலிருந்து வந்து சேர்ந்தன. யானைக்கு வேளாவேளைக்குக் கவளம் உருட்டி ஊட்டும் பொறுப்பு பூவணருக்கு வந்தது. பொய் சொன்னதற்கு உமையாளுக்கும் ஒரு தண்டனை உண்டு: நாள் தவறாமல் அரண்மனைக்குப் போய் ராஜாவின் முழங்காலுக்கு மணல் ஒத்தடம் எப்படிக் கொடுப்பதென்று வைத்தியர்களுக்குக் காட்ட வேண்டும். "இன்னும் சூடாக வையுங்கள், அவர் பொறுத்துக்கொள்வார்" என்று அவள் அதட்டும் சத்தம் தெருவரை கேட்கும். ராஜாவின் முனகலும் கேட்கும். இரண்டையும் மறைக்க யாரும் முயலவில்லை.

உழைத்துத் தளர்ந்த உயிரைச் சலிக்காமல் பார்த்துக்கொள்கிற வீடுதான் நல்ல வீடு, நாடுதான் நல்ல நாடு.