பல் பதிந்த பந்தயக் கார்

ராஜ்யம் போன பிறகும் ராஜாவாகவே இருந்த ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் கொண்டமனூர் ராஜாதான். சபைகூட இருந்தது. சமையற்காரர் மந்திரி, டிரைவர் சேனாதிபதி, ஆஸ்தான கவி அடியேன். மந்திரி இல்லாவிட்டால் சபை பட்டினி கிடக்கும். சேனாதிபதி இல்லாவிட்டால் நடந்து போகும். நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இதுவரை யாரையும் கேட்டதில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்று பயம்.

அந்தச் சபைக்கு ஒரு நாள் கோவர்த்தனம் என்ற கார் வியாபாரி வந்தார். லாரியில் ஒரு பந்தயக் காரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நீளமான மூக்கு, கண்ணைப் பறிக்கும் சிவப்பு, உட்கார ஒரே ஒரு இடம்.

"மகாராஜா, இது உங்க அப்பாவோட 'மின்னல்' காருங்க! ஒரு கோழிப்பண்ணையில கிடந்துச்சு. துருவைச் சுரண்டி, இன்ஜினைப் பிரிச்சு மாட்டி, பெயின்ட் அடிச்சிருக்கேன். மத்தபடி எல்லாமே அசலுங்க."

பெரிய ராஜா கால் மைல் பந்தயப் பைத்தியம். அந்தப் பந்தயத்தில் வளைவே கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொடி விழுந்ததும் நேராகப் பாயும். வேடிக்கை பார்க்கிறவன் தும்மினால் பந்தயம் முடிந்திருக்கும். அவர் காலமான பிறகு மின்னல் கை மாறிக் கை மாறிக் காணாமலே போயிருந்தது. எங்கள் ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன வேணும், கேளும்."

"உங்க மாந்தோப்பைக் கொடுத்தாப் போதுங்க."

நான் குடியிருக்கும் வீடு அந்தத் தோப்புக்குள்தான் இருக்கிறது.

"மகாராஜா, எதுக்கும் கொஞ்சம் விசாரிச்சுட்டு..." என்று இழுத்தேன்.

"அப்போ நீரே விசாரியும் ஓய். நாளைக்குக் காலையில தீர்ப்பு. அசலா, போலியா, ஒரே சொல்லுதான். வந்த விருந்தாளி மனசு நோகக்கூடாது. உம்ம வாயிலிருந்து பொய்யும் வரக்கூடாது. ரெண்டுல எது நடந்தாலும் நீர் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

போலி என்றால் விருந்தாளி நோவார். அசல் என்றால் தோப்பு போகும். இரண்டிலும் நான் தெருவில்தான் நிற்பேன்.

காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், முன் சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி கொஞ்சம் தாமதமாக வரும் என்பதுதான். இருந்தாலும் பெரிய நிபுணர் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மின்னலைச் சுற்றி வந்தேன். டயரைத் தட்டினேன், எதற்கென்று எனக்கே தெரியாது. குனிந்து அடியில் எட்டிப் பார்த்தேன். நிமிர முடியவில்லை. சேனாதிபதி வந்து தூக்கிவிட்டார்.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. பழையதைப் பிரித்து, துருவைத் தேய்த்து, புது வர்ணம் பூசி, அசல் என்று சபையில் கொண்டுவந்து வைப்பது எனக்கென்ன தெரியாத தொழிலா? என் கவிதைகள் எல்லாமே அந்தப் பட்டறையில் தயாரானவைதான். எங்கள் தொழில்காரர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஏதோ ஒன்று குறைகிறது என்று யாராவது சொல்லிவிட்டால், அதைச் சேர்த்துவிடும்வரை எங்களுக்குச் சோறு இறங்காது.

மர ஸ்டியரிங்கைத் தடவிப் பெருமூச்சு விட்டேன்.

"என்னங்க புலவரே?" என்றார் கோவர்த்தனம்.

"கொடி விழற வரைக்கும் பெரிய ராஜா ஸ்டியரிங்கைக் கடிச்சுக்கிட்டே இருப்பார். எங்கே கடிச்சிருக்கார்னு தேடறேன்."

"அது... வார்னிஷ் மூடியிருக்குமுங்க. துடைச்சாத் தெரியும்."

ராஜா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் பலமாக இருமினேன். மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை சபை கூடியது.

"தீர்ப்பு என்ன ஓய்?"

"அசல்!"

கோவர்த்தனம் கைதட்டினார். "புலவர்னா இவருதாங்க புலவர்! மகாராஜா, வார்னிஷைத் துடைச்சிட்டேன். இங்க பாருங்க!"

ஸ்டியரிங்கின் மேல் வளைவில் நாலு பல் வரிசையாக, ஆழமாகப் பதிந்திருந்தது. ராஜா குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வியாபாரியைப் பார்த்தார்.

"எங்க அப்பாவுக்கு ஏதய்யா பல்லு?"

கைதட்டல் நின்றது.

"பல்செட்டைக் கழட்டி, கைக்குட்டையில சுத்தி, என் கையில கொடுத்துட்டுத்தான் பெரியவர் காரிலேயே ஏறுவார்," என்றேன். "கடிச்சதெல்லாம் வெறும் ஈறுதான். இந்தச் சமஸ்தானத்துல எனக்குக் கிடைச்ச முதல் உத்தியோகமே அந்தப் பல்செட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதுதான். கவிப் பட்டமெல்லாம் அப்புறம் கிடைச்ச சின்னப் பதவி உயர்வு."

கோவர்த்தனம் அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

ஆனால் ராஜா என் பக்கம் திரும்பினார். "அப்போ அசல்னு ஏன் ஓய் சொன்னீர்? அது பொய்தானே? மூட்டையைக் கட்டும்!"

"பொய்யே இல்லை மகாராஜா. அண்டை அசல்னு சொல்றோம். அசலூர்னு சொல்றோம். அசல் வீட்டுக்காரர்னு சொல்றோம். நம்மது இல்லைன்னுதானே அர்த்தம்? இந்தக் காரும் அசல்தான். நம்மது இல்லை. விருந்தாளி மனசும் நோகலை, அந்தச் சொல்லைக் கேட்டுக் கையே தட்டினார்."

ராஜா தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மந்திரி காபி கொண்டு வருவதற்குள் லாரியும் காரும் கோவர்த்தனமும் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டிருந்தார்கள்.

"தோப்பு வீடு இனிமேல் உமக்கே சொந்தம், போம்!" என்றார் ராஜா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே, அப்போதே, அவர் மேல் ஒரு வாழ்த்துப் பாட்டை எடுத்துவிட்டேன். சந்தம் துள்ளியது. ராஜா கண்ணை மூடி முழுவதும் கேட்டார்.

"புலவரே, அசல் கவிதை!"

பூரித்துப் போய், தரையில் தலை படாத குறையாகக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். என் சொந்த வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான், அவர் எந்த அசலைச் சொன்னார் என்று உறைத்தது.