கௌதாரியோடு ஓடிய மான்

பாறைக்காட்டில் சுருளி என்றொரு கலைமான் இருந்தான். கொம்பும் முறுக்கு, குணமும் முறுக்கு.

அந்தப் பக்கத்தில் இரண்டு மான் கூட்டங்கள். ஒன்று பாறைக்காட்டுக் கூட்டம், இன்னொன்று முள்காட்டுக் கூட்டம். கோடை வந்தால் பசும்புல் ஆற்றங்கரையில் மட்டும்தான் இருக்கும். அது இரண்டு கூட்டத்துக்கும் போதாது. சண்டை போட்டுக் கொம்பை உடைத்துக்கொள்வானேன் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மாசி முடிகிறபோது கூட்டத்துக்கு ஒருவர் மலையைச் சுற்றி ஓட வேண்டும். ஜெயித்தவரின் கூட்டத்துக்குத்தான் அந்தக் கோடை முழுக்க ஆற்றங்கரை.

இந்த வருடம் பாறைக்காட்டுக்குச் சுருளி. முள்காட்டுக்கு நாச்சி என்ற பெண்மான்.

சுருளியின் மனைவி செம்பி அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள்.

"புல்லு கிடைக்கலைன்னா எனக்குப் பால் சுரக்காதுங்க. எப்படியாவது ஜெயிச்சிடுங்க!"

"ஜெயிக்காம விடுவேனா!" என்றான் சுருளி.

ஒரு நாள் மலைமேட்டில் மூச்சுமுட்ட ஓடுவது, மறுநாள் கால் ஆற மெதுவாக ஓடுவது. அங்கே ஓடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பழகுவார்கள். சுருளியும் ஒழுங்காகத்தான் தொடங்கினான்.

முதல் மெதுநாள் காலை. அவனுக்கு முன்னால் நாச்சி ஆடி அசைந்து ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு கௌதாரி குடுகுடுவென்று ஓடியது. அது வாய் ஓயாத கௌதாரி. மைனா வீட்டுச் சண்டை முதல் உடும்பின் வயிற்றுவலி வரை ஒன்றுவிடாமல் சொன்னது. நாச்சி "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே ஓடினாள்.

புதரடியில் படுத்திருந்த நரி சிரித்தது.

"அடடா! கலைமான் கௌதாரிக்குப் பின்னால ஓடுறதை இன்னிக்குத்தான் பாக்கிறேன்!"

சுருளிக்குச் சுருக்கென்றது. ஒரே பாய்ச்சலில் இருவரையும் தாண்டினான்.

"இன்னிக்கு மெதுவா ஓடுற நாளாச்சே, அண்ணே?" என்று கேட்டாள் நாச்சி.

"எனக்கு இதுதான் மெது!" என்று கத்தினான். அதைச் சொல்வதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"ஆகா! போட்டி இப்பவே முடிஞ்சுபோச்சு!" என்றது நரி. நரிக்கு என்ன நஷ்டம்? வலிக்கப்போவது அதன் காலா?

மறுநாள் மலைமேட்டில் சுருளிக்குக் கால் கனத்தது. பாதி மேட்டில் நின்றுவிட்டான். 'உழைப்பு பத்தலை' என்று நினைத்து, அடுத்த மெதுநாளில் இன்னும் வேகமாக ஓடினான். அதற்கடுத்த மலைநாளில் பாதி மேடுகூட ஏற முடியவில்லை. கழுதைக்குக்கூடப் புரிந்திருக்கும், சுருளிக்குப் புரியவில்லை. நாச்சியைத் தாண்டுகிற காலைகள் அவனுக்கு அவ்வளவு இனித்தன.

"தினம் அவன் உன்னைத் தாண்டிப் போறானே, உனக்கு ரோஷமே கிடையாதா?" என்று கௌதாரி ஒருநாள் கேட்டது.

"நிறைய இருக்கு. மேட்டுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். நீ உடும்புக் கதையைச் சொல்லு. எனக்குப் பதில் சொல்ல மூச்சு வரலைன்னா, நான் வேகமாப் போறேன்னு அர்த்தம்!"

போட்டி நாள் வந்தது. மயில் அகவியதும் இருவரும் புறப்பட்டார்கள். சமதரையில் சுருளிதான் முன்னால் போனான். பாறைக்காட்டு மான்கள் துள்ளிக் குதித்தன.

பிறகு மலையின் பின்புறத்து மேடு வந்தது. சுருளியின் கால்கள் பழையபடி பாதியில் கனத்தன. குட்டியை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். கால் கேட்கவில்லை. நாச்சி ஒரு வார்த்தை பேசாமல் அவனைத் தாண்டிப் போனாள்.

எல்லையில் சுருளி தள்ளாடிக்கொண்டு வந்து நின்றான்.

"இது எப்படி? தினமும் உன்னை நான்தானே ஜெயிச்சேன்!"

"ஆமாண்ணே. ஒரு மாசமா தினமும் நீங்கதான் ஜெயிச்சீங்க. எனக்கு இன்னிக்கு ஒருநாள் போதும்."

சுருளி நரியைத் தேடினான். அது முள்காட்டுக் கூட்டத்துக்கு வாழ்த்துச் சொல்லப் போயிருந்தது.

சாயங்காலம் முள்காட்டு மான்கள் ஆற்றங்கரையில் இறங்கின. செம்பி பாறை இடுக்கில் காய்ந்த கோரையை மென்றுகொண்டிருந்தாள். குட்டி அவள் மடியை முட்டி முட்டிப் பார்த்தது. சுருளிக்குத் தோற்றதைவிட அதுதான் வலித்தது.

கால் ஆற வேண்டிய நாளில் வீறாப்புக்கு ஓடுகிறவன், ஓட வேண்டிய நாளில் நின்றுவிடுவான்.