கொக்கரணைப் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்ட கதை

கொக்கரணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் மூன்று பேரும் தங்கமான மனுஷர்கள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். தலைவலியே அதுதான்.

ஒருநாள் கல்வி அதிகாரி மங்கையர்க்கரசி அம்மாள் வந்தார். ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. அம்மாளுக்குக் கோபமான கோபம்.

"பிள்ளைங்களைக் கேள்வி கேளுங்க! ஆமா, இல்லைன்னு முடியற கேள்வி வேண்டாம். கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் பொறுமையா காத்திருங்க. நீங்களே பதிலைச் சொல்லிடாதீங்க. அடுத்த மாசம் வருவேன். இதே லட்சணத்துல இருந்தா பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிட்டு உங்களை மலைக்கு மாத்திடுவேன்!"

மலை என்றதுமே தலைமையாசிரியர் வைத்திலிங்கம் துண்டை எடுத்துக் காதை மூடிக் கட்டிக்கொண்டார். அவருக்கு மார்கழிக் குளிரே ஆகாது.

மறுநாள் குணவதி டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்க உட்கார்ந்தார். பேரைக் கூப்பிட்டால் பிள்ளை "உள்ளேன் டீச்சர்" என்னும். அதுவும் ஆமாம் என்கிற மாதிரிதானே? ஆகவே ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி, "நீ ஏன் வந்தே?" என்று கேட்டார். பாவம், பிள்ளைகளும் யோசித்துப் பார்த்தார்கள். காரணம் கிடைக்காத பாதிப்பேர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மிச்சப் பிள்ளைகளிடம் கணக்கு வாத்தியார் சூசையப்பன் போனார். போன வேகத்தில் தலைமையாசிரியரிடம் திரும்பி வந்தார்.

"சார், கடைசி பெஞ்சு காலியா கிடக்கே. யாரைக் கேட்கிறது?"

"எல்லாரையும் அங்கே உட்கார வைங்க," என்றார் தலைமையாசிரியர்.

"இடம் பத்தாதே?"

"மடியில உட்காரட்டும். மலைக்குப் போறதுக்கு இது தேவலை."

பெஞ்சு படாரென்று முறிந்தது. அதற்கு முன்னால் இருந்தது இப்போது கடைசி பெஞ்சாகிவிட்டது. விடுவாரா சூசையப்பன்? சாயங்காலத்துக்குள் சத்துணவுக் கூடத்துக்கு ஒரு மாச விறகு சேர்ந்தது.

ஒரு பொடியன் ஓடிவந்தான். "சார், ஒண்ணுக்குப் போகட்டுமா?"

வைத்திலிங்கம் வாயைத் திறந்தார். "சார், சார்! பதிலைச் சொல்லிடாதீங்க!" என்று குணவதி டீச்சர் அலறினார்.

"அட, ஆமால்ல. தம்பி, நீ என்ன நினைக்கிறே?"

தம்பி நினைத்து முடிப்பதற்குள் தரையைக் கழுவ வேண்டியதாயிற்று.

மாசம் முடிந்து அம்மாள் வந்தார். பெஞ்சு இல்லை. பிள்ளைகள் தரையில் கிடந்தார்கள்.

"என்ன கூத்து இது! பள்ளிக்கூடத்தை மூடிடலாமா?"

மூன்று பேரும் அதிர்ந்துபோனார்கள். வைத்திலிங்கம் கைகட்டி, மெதுவாகச் சொன்னார்: "அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஆமா, இல்லைன்னு முடியற கேள்வியா இருக்குங்களே. மாத்திக் கேளுங்க."

அம்மாள் பல்லைக் கடித்தார். "சரி. ஏன் மூடக்கூடாது? சொல்லுங்கய்யா!"

"அடடா, இதுல்ல கேள்வி!" மூன்று பேரும் கைதட்டினார்கள். ஆனால் பதிலை வாத்தியார் சொல்லக்கூடாது. கேட்டவரோ பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அம்மாளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் எழுந்து போகப் பார்த்தபோது சூசையப்பன் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டார். மத்தியானம் அம்மாளுக்கும் ஒரு சத்துணவு முட்டை வந்தது.

பொழுது சாயும் நேரம். மூணாங்கிளாஸ் மரகதம் கையைத் தூக்கினாள். "சார், எனக்குப் பதில் தெரியும்!"

"சொல்லும்மா, என் தாயே, சொல்லு!" அம்மாள் அழாத குறை.

வைத்திலிங்கம் பாய்ந்துவந்து மரகதத்தின் கையை இறக்கினார். "உட்காரு கழுதை! அம்மா காலையிலேர்ந்து எவ்வளவு பொறுமையா காத்திருக்காங்க. நடுவுல பதிலைச் சொல்லிக் கெடுக்கப் பாக்கிறியே!"